ஓ.எல். முடித்த வன்னிப் பிள்ளை: ஊரில் உயர்தரமா, யாழ்ப்பாணமா, தொழிற்பயிற்சியா?

ஓ.எல்., அதாவது 11ஆம் தரச் சாதாரண தரப் பரீட்சை, பெறுபேறு வந்த கிழமை என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அம்மாமார்தான். "மகள் பாஸ் பண்ணிட்டாள் சேர், இனி எங்க விடுறது?" என்று கேட்பார்கள். பிள்ளை பக்கத்தில் பேசாமல் நிற்கும். ஊர்ப் பாடசாலையில் உயர்தரம் (12ஆம் 13ஆம் தரம்) இருக்கிறது, ஆனால் ஆசிரியர் இல்லை என்று ஒருவர் சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்தில் விட்டால்தான் கம்பஸ் கிடைக்கும் என்று உறவுக்காரர் சொல்லியிருப்பார். இரண்டையும் விட்டுவிட்டு ஒரு கைத்தொழில் பழகச் சொல்லுங்கள் என்று வெளிநாட்டிலிருந்து மாமா தொலைபேசியில் சொல்லியிருப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று 16 வயதுப் பிள்ளையின் தாய் தகப்பனில் பலர், 2008இலும் 2009இலும் இடம்பெயர்வோடு இடம்பெயர்வாகப் படிப்பை விட்டவர்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. அப்போது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது ஓ.எல். தாண்டிவிட்டார்கள். பிள்ளைக்கு வழி சொல்லவேண்டிய பெற்றோர் அந்த வழியால் நடந்ததே இல்லை. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடசாலையின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிள்ளை எடுக்கப்போகும் மூன்று பாடத்துக்கும் அங்கே நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஊரை விட்டுப் போகக் காரணம் மிகக் குறைவு.

## எதை வைத்து எடைபோடுவது

ஆசிரியர். இதுதான் முதலாவது, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. போருக்குப் பிறகு வன்னியில் கட்டடங்கள் வந்துவிட்டன. மேல்மாடி வகுப்பறையும் ஆய்வுகூடமும் பல இடங்களில் உண்டு. அதைத் திறந்து ஒரு பரிசோதனையைச் செய்து காட்ட ஆள் வேண்டும். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர்கள் சேவைக்காலம் முடிந்ததும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்பது வழமை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் உயர்தரம் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும் படிப்பு. நடுவில் இரசாயனவியல் ஆசிரியர் மாறிப்போனால் அந்த வகுப்பு முழுவதும் விழும்.

மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளை எந்த மாவட்டத்துக் கணக்கில் வருகிறது என்பது. இதைப் பெற்றோரில் பாதிப்பேர் கவனிப்பதே இல்லை. கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

செலவு. கட்டணம் மட்டும் செலவல்ல. பிள்ளை வீட்டில் இல்லாமல் போவதும் செலவுதான்.

காலம். உயர்தரம் படித்து, பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி (அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி) வந்து, பல்கலைக்கழகத்துக்குள் கால்வைக்க ஓ.எல்.லில் இருந்து ஏறத்தாழ நான்கு ஆண்டு போய்விடுகிறது. இரண்டாம் தடவை எழுதினால் இன்னும் ஒன்று. அந்த நான்கைந்து ஆண்டும் வீடு தாங்குமா?

தவறினால் கையில் என்ன மிஞ்சும். எல்லோரும் வெற்றியை நினைத்துத் திட்டம் போடுகிறார்கள். சித்தி வராவிட்டால் 19, 20 வயதில் பிள்ளை எங்கே நிற்கும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

## மாவட்டக் கணக்கு: விளங்கிக்கொள்ளவேண்டிய ஒன்று

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் இலங்கை முழுவதற்குமான இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) வரிசையில் போகின்றன. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகிறது. மிச்சம் 5 சதவீதம், கல்வியில் பின்தங்கியவை என்று வரையறுக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு.

மாவட்ட ஒதுக்கீடு என்றாலே யாழ்ப்பாணத்தில் பழைய காயம் ஒன்று நோகும். 1970களின் தரப்படுத்தலில், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர் கூடிய புள்ளி எடுக்கவேண்டியிருந்த முறையில், தொடங்கிய காயம் அது, அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய முறையில், வன்னியின் மண்குடிசையில் இருந்து படித்த பிள்ளைக்கு மருத்துவபீடத்தின் கதவைத் திறப்பதும் மாவட்ட ஒதுக்கீடுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் சனத்தொகை ஏறத்தாழ 92,000. யாழ்ப்பாணத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரம் அளவில், முழு நாட்டினது 2 கோடியே 3 இலட்சம். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 550 இடம் மாவட்டங்களுக்கு. இந்த விகிதத்தில் முல்லைத்தீவுக்கு வருவது இரண்டு மூன்று இடம், யாழ்ப்பாணத்துக்குப் பதினைந்து பதினாறு. மேலதிக 5 சதவீதத்தில் முல்லைத்தீவுக்கு இன்னொரு சிறு பங்கு சேரும்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. வன்னி மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் பொதுவாக யாழ்ப்பாணத்தை விடக் குறைவு, ஆகவே அங்கே படிக்கும் பிள்ளைக்கு அது உதவி. ஆனால் இடங்கள் இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால், ஒரே ஆண்டில் மூன்று நான்கு கெட்டிக்காரர் சேர்ந்து வந்தால் வெட்டுப்புள்ளி சட்டென்று ஏறிவிடும். "போன வருசம் இவ்வளவுக்குக் கிடைச்சது" என்பதை நம்பி இருக்க முடியாது.

முக்கியமான விடயம் இதுதான்: பிறந்த மாவட்டமோ வீட்டு விலாசமோ இங்கே கணக்கில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். உயர்தரத்துக்கு யாழ்ப்பாணப் பாடசாலையில் சேர்த்தால், பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு அந்தப் புள்ளிக்குப் போட்டியிடும் நிலை வரலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூல் தமிழிலும் வருகிறது. விடுகைப் பத்திரம் எடுக்க முன்பு, இந்த விதி இருக்கும் பக்கத்தை அதிபரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

## முதலாவது: சொந்த மாவட்டத்திலேயே உயர்தரம்

ஊர்ப் பாடசாலை என்றால் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 1சி வகைப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. கணித, உயிரியல் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளில் மட்டும்தான். முள்ளியவளை வித்தியானந்தா, புதுக்குடியிருப்பு மத்திய கல்லூரி, மல்லாவி மத்திய கல்லூரி, கிளிநொச்சி மத்திய மகா வித்தியாலயம் என்று மாவட்டத்துக்குள்ளேயே உயர்தரத்துக்குப் பெரிய பாடசாலைகள் இருக்கின்றன. "ஊரில் இல்லை" என்றதும் நேராக யாழ்ப்பாணத்தை நினைக்கிறோம். நடுவில் இந்த வழி இருப்பது கண்ணில் படுவதில்லை.

இதன் நன்மைகள் தெரிந்தவைதான். சாப்பாடு வீட்டில், பஸ்ஸுக்கு மாணவர் சீசன் ரிக்கற். மாவட்டக் கணக்கும் கையை விட்டுப் போகாது. வகுப்பில் பிள்ளைகள் குறைவென்றால் ஆசிரியருக்கு ஒவ்வொருவரையும் தெரியும். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்பும் அதிபர்கள் வன்னியில் இன்றும் இருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு, அதில் பெரியது பாடப்பிரிவு. பிள்ளைக்கு உயிரியலில் விருப்பம், ஊரில் இருப்பது கலைப்பிரிவு. "பக்கத்தில் இருக்கு, அதையே படி" என்று சேர்த்துவிடுகிறோம். அந்த ஒரு வசனத்தில் பிள்ளையின் தொழிலே மாறிவிடுகிறது. கலைப்பிரிவைக் குறைவாகச் சொல்லவில்லை. விரும்பி எடுத்தவர்கள் நல்ல ஆசிரியராகவும் சட்டத்தரணியாகவும் வந்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் எடுத்த பிள்ளை, பட்டமும் பெற்று, வேலைக்காகப் பல ஆண்டு காத்திருப்பதைத்தான் பார்த்துச் சகிக்க முடியவில்லை.

இரண்டாவது, மதியத்துக்குப் பிறகு நடப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர் 1.30 மணிக்கு மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். மேலதிக வகுப்புக்கு அவருக்கு நேரமில்லை. பிள்ளை மாலையில் ரியூசனுக்கு நகரத்துக்குப் போய் இருட்டில் திரும்பவேண்டிவரும். காட்டோரக் கிராமங்களில் யானைப் பயமும் சேரும். பெண்பிள்ளை என்றால் பல வீடுகளில் இந்த ஒரு காரணத்துக்காகவே ரியூசன் நின்றுபோகிறது.

அதிபரிடம் போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் யார்? நிரந்தர நியமனமா, தொண்டரா, வேறு பாடசாலையிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வருபவரா? இடமாற்றம் கேட்டிருக்கிறாரா? போன தடவை அந்தப் பிரிவில் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள்? நல்ல அதிபர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

## இரண்டாவது: யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலை

இதற்கு இருக்கும் கவர்ச்சி சும்மா வந்ததல்ல. நூறாண்டுக்கு மேல் வேரோடிய பாடசாலைகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் அனுபவப்பட்ட ஆசிரியர், நூலகம், கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்த சக மாணவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தன்னை விடக் கெட்டிக்காரர்களோடு இருப்பதே ஒரு படிப்பு.

அப்புறம் செலவைப் பார்ப்போம். அரச பாடசாலை என்றால் கல்வி அங்கேயும் இலவசம்தான். விடுதிக் காசு அல்லது வாடகை அறை, சாப்பாடு, கிழமைக்கு ஐந்தாறு ரியூசன் வகுப்பு, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வரப் பயணம் என்பவையெல்லாம் பெற்றோர் தலையில். சொந்தக்காரர் வீட்டில் விட்டால் வாடகை மிச்சம். ஆனால் பிள்ளை அந்த வீட்டு வேலையில் எவ்வளவு செய்கிறது, இரவில் விளக்குப் போட்டுப் படிக்க முடிகிறதா என்பதைத் தொலைபேசியில் கண்டுபிடிக்க முடியாது. போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் தாய்க்கு மூத்த பிள்ளை வீட்டில் ஒரு ஆள். அது போனால் சின்னவற்றைப் பார்க்கவும் ஆளில்லை, தோட்டத்துக்கும் ஆளில்லை. இதை யாரும் ரூபாயில் எழுதுவதில்லை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: விடுதிக் காசுக்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கிழமைக் கிழமை கட்டவேண்டிய கடன், இரண்டு ஆண்டுக்குப் பிறகு பலன் தரக்கூடிய படிப்போடு சேரவே சேராது. கடன்காரர் வாசலில் நிற்கும் செய்தி விடுதிக்கு எட்டினால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவன், ஓ.எல்.லில் ஊரிலேயே முதலாவது. யாழ்ப்பாணம் அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரை வற்புறுத்தியவன் நான். பெரிய பாடசாலை ஒன்றில் இடமும் கிடைத்தது. முதல் தவணையில் வகுப்பில் நாற்பதாவதாக வந்தான். "வன்னியான்" என்று யாரோ கூப்பிட்டதைச் சொல்லும்போது சிரித்தான். எட்டாம் மாதம் பெட்டியோடு திரும்பிவந்தான். அந்தப் பிள்ளைக்கு மூளை குறையவில்லை. தனியாக ஒரு ஊரில் நிற்கும் தெம்பு அப்போது இருக்கவில்லை, அதை நான் கேட்கவே இல்லை. பிறகு மாவட்டத்துக்குள்ளேயே படித்துத் தொழில்நுட்பபீடத்துக்குத் தெரிவானான். அந்த எட்டு மாதமும் அவன் தகப்பன் விற்ற இரண்டு மாடும் திரும்பிவரவில்லை.

யாருக்கு இது சரி? மாவட்டத்தில் தான் விரும்பும் பிரிவுக்கு உண்மையாகவே ஆசிரியர் இல்லாத பிள்ளை, தனியாக இருக்கப் பழகிய பிள்ளை, நம்பிக்கையான தங்குமிடம் உள்ள பிள்ளை. மூன்றும் சேர்ந்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். பெயருக்காக மட்டும் என்றால் வேண்டாம். வார இறுதியில் மட்டும் யாழ்ப்பாணத்து வகுப்புக்கு ரயிலில் போய்வரும் கிளிநொச்சிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பாடம்தான் பலவீனம் என்றால் அதுவே போதும்.

## மூன்றாவது: தொழிற்பயிற்சி

"படிப்பு ஏறாததுகள் போற இடம்" என்ற பேச்சை முதலில் விட்டுவிடவேண்டும். தேசிய தொழில் தகைமை, பேச்சுவழக்கில் என்.வி.கியூ., 7 மட்டங்கள் கொண்டது. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம், யுனிவோடெக், இருக்கிறது. அதாவது தொழிற்பயிற்சிக்குப் போனால் மேற்படிப்பு அடைபட்டுவிடும் என்பது பிழை.

வன்னியில் இருப்பவர்களுக்கு அருகிலேயே ஒரு நல்ல இடம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில், ஜேர்மனியின் உதவியோடு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம். எங்கள் சனம் "ஜேர்மன் ரெக்" என்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பபீடங்கள் இருக்கும் அதே வளவுப் பக்கம்தான். அதைவிடத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகள், நைற்றா என்ற அரச பயிலுநர் பயிற்சி அதிகாரசபை மூலம் வேலைத்தளத்திலேயே பழகும் பயிலுநர் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. சில கற்கைகளுக்கு ஓ.எல். சித்தியே தேவையில்லை.

கவனிக்கவேண்டியவை: சேரும் கற்கை எந்த மட்டத்துக்குரியது, நிலையம் பதிவுசெய்யப்பட்டதா என்று கேளுங்கள். சுவரில் அழகாக மாட்டும் எல்லாச் சான்றிதழும் என்.வி.கியூ. அல்ல. தொழிலகப் பயிற்சி கொழும்புப் பக்கம் அமைந்தால் ஆறு மாதம் அங்கே தங்கும் செலவு வரும். வேலைத்தளத்தில் சிங்களம் தெரியாமல் சிரமப்படுவார்கள், ஆகவே பயிற்சியோடு அதையும் பழகவேண்டும். வடக்கில் தொழிற்சாலைகள் இன்னும் குறைவு. பயிற்சி முடிந்து வேலைக்காகக் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போகவேண்டிவரலாம் என்பதை வீடு முன்கூட்டியே ஏற்கவேண்டும். மோட்டார் மெக்கானிக், குளிரூட்டித் திருத்தம், மின்னிணைப்பு, குழாய் வேலை போன்றவற்றுக்கு ஊரிலேயே ஆள் தட்டுப்பாடு. அவற்றைப் பழகியவர் சும்மா இருந்து நான் கண்டதில்லை.

வீட்டில் இரண்டு ஆண்டுக்குள் ஒரு வருமானம் வந்தே ஆகவேண்டும் என்றால், கையால் செய்து பழகுவதில் பிள்ளைக்கு ஆசை என்றால், இதுதான் முதல் தெரிவு. கடைசித் தெரிவாக இதை வைத்துச் சேர்த்தால் பிள்ளை அரை மனதோடு போகும், பாதியில் நிற்கும்.

## ஒரே பார்வையில்

| | சொந்த மாவட்டத்தில் உயர்தரம் | யாழ்ப்பாணத்தில் உயர்தரம் | தொழிற்பயிற்சி |
|---|---|---|---|
| ஆசிரியர் | பாடசாலைக்குப் பாடசாலை மாறும், நேரில் கேட்கவேண்டும் | பெரும்பாலும் நிறைவு | நிலையத்தைப் பொறுத்தது |
| மாவட்டக் கணக்கு | வன்னி மாவட்டம் | யாழ்ப்பாணமாக மாறலாம் | பொருந்தாது |
| மாதச் செலவு | பஸ், ரியூசன் | தங்குமிடம், சாப்பாடு, ரியூசன், பயணம் | குறைவு, தொழிலகப் பயிற்சிக் காலத்தில் கூடும் |
| மறைந்த செலவு | விரும்பாத பிரிவு, இருட்டுப் பயணம் | தனிமை, வீட்டில் ஆள் குறைவு, கடன் | ஊரை விட்டு வேலைக்குப் போகவேண்டிவரலாம் |
| உழைக்கத் தொடங்க | பட்டம் என்றால் 8 ஆண்டு அளவில் | அதே | 1 முதல் 3 ஆண்டு |
| தவறினால் மிஞ்சுவது | 3 பாடச் சித்தி இருந்தால் கல்வியியற் கல்லூரி, எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) வழிகள் | அதே, ஆனால் செலவழிந்த காசு பெரிது | முடித்த மட்டத்துக்குச் சான்றிதழ் |

கடைசி வரிசையைப் பற்றி ஒரு சொல். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாவிட்டாலும் மூன்று பாடச் சித்தி வீணல்ல. கோப்பாயிலும் வவுனியாவிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. அங்கே மூன்று ஆண்டு படித்து ஆசிரியராகலாம். வன்னிக்கு வன்னிப் பிள்ளைகளே ஆசிரியராக வந்தால் ஒழிய இந்த இடமாற்றப் பிரச்சினை தீராது என்பது என் உறுதியான எண்ணம்.

## பலருக்குத் தெரியாத தொழில்நுட்பப் பிரிவு

2013இல் உயர்தரத்துக்குள் கொண்டுவரப்பட்ட தொழில்நுட்பப் பிரிவைப் பெற்றோர் இன்னும் சரியாக அறியவில்லை. பொறியியல் தொழில்நுட்பவியல், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று இரண்டு வழி. கணிதப் பிரிவுக்குப் போகுமளவுக்குக் கணிதம் ஓடாத, ஆனால் இயந்திரத்திலோ விவசாயத்திலோ ஆசையுள்ள பிள்ளைக்கு நல்ல பொருத்தம். கிளிநொச்சியிலேயே தொழில்நுட்பபீடம் இருக்கிறது, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் இருக்கிறது. உயர்தரமா தொழிற்பயிற்சியா என்று இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும் வீடுகளிடம் நான் முதலில் கேட்பது, இதைப் பார்த்தீர்களா என்றுதான்.

## கணிதம் போன பிள்ளை

இது தனிக் கதை. ஓ.எல்.லில் கணிதம் மட்டும் தவறி, பிள்ளை வீட்டில் சுருண்டு கிடக்கும். அந்தப் பிள்ளையை ஒரு ஆண்டு சும்மா வைத்திருக்காதீர்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி, ஓ.எல். தவறியவர்களும் 12ஆம் 13ஆம் தரத்தில் தொழிற்பாடங்களோடு தொடர வழி செய்கிறது. எல்லாப் பாடசாலையிலும் இல்லை. அருகில் எங்கே நடக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். அதில் சேர்ந்தாலும், பயிற்சி நிலையத்துக்குப் போனாலும், கணிதத்தை மட்டும் தனியே மறுபடி எழுதலாம். விண்ணப்ப முடிவுத் திகதி பேப்பரில் வரும். பிள்ளை வெட்கத்தில் சொல்லாது, நீங்கள்தான் பார்த்து வைத்திருக்கவேண்டும்.